தரை தொட்ட பந்து

பூப்பந்தில் பந்து தரையைத் தொட்டால் பாயிண்ட் போயிற்று. கும்பகோணத்தில் எங்கள் பள்ளி மைதானத்தில் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை ஆடினேன். 24 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், பக்கத்துக்கு ஐந்து பேர். மஞ்சள் கம்பளி நூல் சுற்றிய பந்து, 30 கிராமுக்கு மேல் இருக்காது. காலையில் தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு, வெயில் ஏறுமுன் ஆடி முடிப்போம். 1856 வாக்கில் தஞ்சாவூர் அரச குடும்பத்தார் ஆடிய ஆட்டம் இது என்று பி.டி. டீச்சர் பெருமையாகச் சொல்வார். அதைவிட அதிகமாக அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "கீழ விடாதடி!"

இருபத்திரண்டு வருடம் பேட்டைத் தொடாமல் இருந்தும் அந்தக் குரல் என் மணிக்கட்டை விட்டுப் போகவில்லை. அது எனக்குத் தெரிந்தது பாடெல் என்கிற, சுவர்களுக்குள் டென்னிஸ் மாதிரி ஆடும் ஆட்டத்தை ஆட ஆரம்பித்த அன்றுதான்.

இப்போது நான் இருப்பது ஸ்பெயினில், கெடாஃபேயில். மத்ரித் நகரத்துக்குத் தெற்கே, ரயிலில் அரைமணிக்குள் போய்விடலாம். விமானப்படைத் தளமும் தொழிற்சாலைகளும் உள்ள, உழைக்கிற ஜனங்களின் ஊர். வந்த முதல் வருடம் வேலை, வீடு, பையனின் பள்ளி என்றே ஓடிவிட்டது. அலுவலகத்தில் ஆங்கிலம், வீட்டில் தமிழ். ஸ்பானிஷ் என்பது காய்கறிக் கடையில் விரலால் காட்டிப் பேசுவதோடு சரி. சனிக்கிழமை காலையில் பையனை நகராட்சி விளையாட்டு வளாகத்துக்கு நீச்சலுக்குக் கூட்டிப் போவேன். அவன் வரும்வரை வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். எதிரே நான்கு பாடெல் களங்கள்.

ஒரு நாள் அதில் மூன்று பெண்கள் மட்டும் நின்றுகொண்டு, கைபேசியைப் பார்ப்பதும் வாசலைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவர் கம்பிவலைக் கதவைத் திறந்து வெளியே வந்தார். அறுபதைத் தாண்டியவர், குட்டையாக வெட்டிய நரைமுடி. என்னைப் பார்த்து, "ஃபால்தா ஊனா" என்றார். ஒரு ஆள் குறைகிறது. அந்த இரண்டு சொல்லும் எனக்குப் புரிந்தன. அப்புறம் அவர் நீட்டிய பேட்டும் புரிந்தது.

இந்த ஆட்டத்துக்கு நாலு பேர் வேண்டும். டென்னிஸைப் போல இரண்டு பேர் நின்று ஆடிவிட முடியாது. ஒற்றையர் ஆட்டம் என்று ஒன்று இதில் கிடையாது என்றே சொல்லலாம். மூன்று பேர் இருந்தால் மூன்று பேரும் சும்மா நிற்க வேண்டியதுதான். அதனால்தான் ஸ்பெயினில் எந்த விளையாட்டு வளாகத்திலும், எந்த வாட்ஸப் குழுவிலும் 'ஒரு ஆள் குறைகிறது' என்கிற இந்தச் சொல் ஓயாமல் கேட்கும். ஊர் பேர் தெரியாத என்னை அன்றைக்கு அவர்கள் கூப்பிட்டதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. பாவம் பார்த்தோ மரியாதைக்காகவோ கூப்பிடவில்லை. நாலாவது ஆள் நிஜமாகவே வேண்டியிருந்தது.

பேட்டுக்கு இங்கே பாலா என்று பெயர். நம்மூர்ப் பையன் பெயர் மாதிரி இருக்கிறதே என்று அந்த ஒரு சொல் உடனே மனதில் ஒட்டிக்கொண்டது. அதில் நரம்பு கிடையாது. துளை துளையாகப் போட்ட கெட்டியான பலகை. உள்ளே ரப்பர் மாதிரி ஒரு நுரை. நீளம் 45.5 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. கைப்பிடியில் ஒரு கயிறு இருக்கும், அதை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டுதான் ஆட வேண்டும், அது விதி. களம் 20 மீட்டருக்கு 10 மீட்டர். பின்பக்கம் மூன்று மீட்டர் உயரத்துக்குக் கண்ணாடி, அதற்கு மேல் ஒரு மீட்டர் கம்பிவலை. பக்கங்களில் கொஞ்சம் கண்ணாடி, மீதி கம்பிவலை. தரையில் செயற்கைப் புல், அதன்மேல் தூவிய மணல். டென்னிஸ் பந்து மாதிரியே பந்து, காற்று மட்டும் சற்றுக் குறைவு. எண்ணிக்கையும் டென்னிஸ் போலத்தான். சர்வீஸ் மட்டும் தரையில் ஒரு தட்டு தட்டி, இடுப்புக்கு மேல் போகாமல், கீழிருந்து அடிக்க வேண்டும். உயரமோ தோள் பலமோ இல்லாதவர்களும் முதல் நாளே ஆட முடிவது இதனால்தான்.

எல்லாம் சரி, ஆனால் நான் ஆடியது பாடெல் இல்லை. எந்தப் பந்து வந்தாலும் பாய்ந்து, தரையில் விழுவதற்குள் அடித்தேன். வலைக்குப் பக்கத்தில் நின்றபோது அது நன்றாகவே இருந்தது, மூவரும் ஆச்சரியப்பட்டார்கள். பின்னால் போனதும் எல்லாம் தவறியது. தலைக்கு மேல் வந்த பந்தை எம்பி எம்பி அடித்து வலையில் போட்டேன், வேலிக்கு வெளியே போட்டேன். என் ஜோடியாக நின்ற அந்த நரைமுடிக்காரப் பெண்மணி ஒவ்வொரு முறையும், "தேஹலா! தேஹலா!" என்று கத்திக்கொண்டே இருந்தார். ஏதோ திட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து பையனிடம் கேட்டேன். அவன் பள்ளிக்கூடத்து ஸ்பானிஷில் தேறிவிட்டவன். "விட்டுடுன்னு அர்த்தம்மா. பந்த விட்டுடு."

பாடெலில் பந்து உன் பக்கத்துத் தரையில் ஒரு முறை விழலாம். விழுந்த பிறகு பின்கண்ணாடியில் மோதலாம். மோதித் திரும்பி, மறுபடி தரையைத் தொடுவதற்குள் அடித்தால் போதும். அதாவது, உன்னைத் தாண்டிப் போன பந்து போன பந்து இல்லை. இதைச் சொல்வது சுலபம். பூப்பந்து ஆடிய உடம்புக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது அவ்வளவு சுலபமில்லை. பந்து காதோரமாகப் பின்னால் போகும்போது ஏதோ குழந்தை கைநழுவி விழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதுபோல நெஞ்சு பதறும்.

என் ஜோடி என்னைப் பழக்கிய விதத்தைச் சொல்லியாக வேண்டும். அடுத்த சனிக்கிழமை அரைமணி நேரம் முன்னதாக வரச் சொன்னார். என் கையிலிருந்த பாலாவை வாங்கிப் பெஞ்சில் வைத்துவிட்டார். வலைக்கு அந்தப் பக்கம் நின்று பந்தை உயர்த்தி உயர்த்தி அனுப்பினார். நான் செய்ய வேண்டியது, பந்தோடு கூடவே பின்னால் நடந்து, அது கண்ணாடியில் பட்டுத் திரும்பும்போது கையால் பிடிப்பது. அவ்வளவுதான். இருபது பந்து, முப்பது பந்து. மெல்ல ஒன்று கண்ணில் பட்டது. கண்ணாடியில் பட்ட பந்து வேகம் இழந்துவிடுகிறது. இடுப்புக்கும் கீழே, முழங்கால் உயரத்தில், அடி என்று சொல்வதுபோல முன்னால் வந்து நிற்கிறது. எதிரி ஓங்கி அடிக்க அடிக்க, சுவர் அதை நமக்கு இன்னும் தள்ளி முன்னால் கொண்டுவந்து கொடுக்கிறது. அந்தக் கால் நொடியில் எதிரே யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்க நேரம்கூட இருக்கிறது. முப்பத்தைந்தாவது பந்தோ என்னவோ, அவர் பாலாவைக் கையில் கொடுத்தார்.

மூலையில் விழும் பந்து வேறு கதை. பின்கண்ணாடியில் பட்டு, பக்கக் கண்ணாடியிலும் பட்டு வரும்போது எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதில் எனக்கு இன்னும் குழப்பம் உண்டு. கம்பிவலையில் பட்டால் யாராலும் சொல்ல முடியாது. சில சமயம் அங்கேயே செத்து விழும், சில சமயம் முகத்துக்கு நேரே பாயும். அதைப் பற்றி யாரும் வருத்தப்படுவதில்லை, அடுத்த பாயிண்டுக்குப் போய்விடுவார்கள்.

அவரை ஆரம்பத்தில் நான் 'உஸ்தேத்' என்றுதான் அழைத்தேன், நம் 'நீங்கள்' மாதிரி. என்னைவிட இருபத்தைந்து வயது மூத்தவர், சூப்பர் மார்க்கெட் கல்லாவில் முப்பது வருடம் உட்கார்ந்துவிட்டு ஓய்வு பெற்றவர், எப்படி நீ என்பது? இரண்டாவது வாரமே அவர் அதை நிறுத்தச் சொன்னார். களத்துக்குள் பெரியவள் சின்னவள் கிடையாது என்றார். மீயா, தூயா, என்னுது, உன்னுது. இரண்டு பேருக்கு நடுவில் வரும் பந்தை யார் எடுப்பது என்று சொல்ல அந்த ஒரு சொல்லுக்குத்தான் நேரம் இருக்கும். நான் ஸ்பானிஷ் பேசக் கற்றது பெரும்பாலும் இப்படித்தான், கட்டளை வினைகளில். முன்னால் போ, பின்னால் வா, விடு, அடி, மேலே, நடுவில். இலக்கண வகுப்பில் இவையெல்லாம் ரொம்பப் பின்னால்தான் வந்தன.

நடுவில் எனக்கு முழங்கை பிடித்துக்கொண்டது. அதற்கு நானும் ஒரு காரணம். இரண்டு மாதம் ஆடியதும் சொந்தமாக ஒரு பாலா வாங்கக் கடைக்குப் போனேன். வேகமாக அடிப்பீர்களா என்று கேட்டார் கடைக்காரர். ஆமாம் என்றேன். வைரக் கட்டம் போன்ற முகம் உள்ளதைக் கொடுத்தார். அதில் எடை தலைப்பக்கம் இருக்கும், ஓங்கி அடிக்க வசதி. ஆனால் நடுவில் படாவிட்டால் அதிர்ச்சி முழுவதும் கைக்குத்தான் வரும். பூப்பந்து பேட் லேசானது. இது 365 கிராம். நானோ பழைய பழக்கத்தில் மணிக்கட்டை வெட்டி வெட்டி அடித்தேன். மூன்றே வாரத்தில் தோசைக்கல்லைத் தூக்க முடியவில்லை. ஆறு வாரம் ஆட்டம் இல்லை. என் ஜோடி தன்னிடமிருந்த பழைய வட்ட முகப் பாலாவைக் கொண்டுவந்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். வட்ட முகத்தில் எடை கைக்குப் பக்கத்தில் இருக்கும், அடி படும் பரப்பும் நடுவில் பெரியது. புதிதாகத் தொடங்கும் யாருக்கும் நான் அதைத்தான் சொல்வேன்: வட்டம், லேசானது, மெத்தென்று இருப்பது. பணமும் குறைவு. இன்றும் நான் ஆடுவது அதில்தான்.

எங்கள் நான்கு களங்களில் இரண்டு மட்டும்தான் கண்ணாடி. மற்ற இரண்டும் பழையவை, சிமெண்டுச் சுவர், வெள்ளையும் பச்சையுமாகப் பூசியது. ஸ்பெயின் முழுக்க அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் நகராட்சி வளாகங்களிலும் இந்தச் சிமெண்டுச் சுவர்க் களங்கள் இன்னும் நிறைய உண்டு. இளைஞர்கள் அவற்றைத் தொட மாட்டார்கள். எனக்கு அவை பிடிக்கும். கண்ணாடியில் குளிர்காலக் காலைகளில் பனி ஈரம் படிந்துவிடும்; பந்து பட்டதும் வழுக்கிக் கீழே இறங்கிவிடும், திரும்பி வரவே வராது. துணியும் ரப்பர்க் கட்டையும் வைத்துத் துடைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். சிமெண்டில் அந்தத் தொல்லை குறைவு. கோடையில் வேறு மாதிரி. ஜூலையில் பகல் நாற்பது டிகிரியை எட்டும், எனவே இரவு ஒன்பதரைக்கு ஆடுவோம். அப்போதும் வானத்தில் வெளிச்சம் இருக்கும்.

இந்த ஆட்டம் பிறந்ததே சுவரால்தான். 1969இல் மெக்ஸிகோவின் அகாபுல்கோ நகரில் என்ரிகே கோர்குவேரா என்கிற பணக்காரர் தன் வீட்டில் களம் அமைத்தார். டென்னிஸ் களத்துக்கு இடம் போதவில்லை, பந்து வெளியே போய்க்கொண்டே இருந்தது, அதனால் சுவர் எழுப்பினார் என்று சொல்வார்கள். அவருடைய நண்பர் அல்ஃபோன்ஸோ தே ஹோஹென்லோஹே, ஓர் இளவரசர், அதைப் பார்த்து மயங்கி 1974இல் தெற்கு ஸ்பெயினின் மார்பெய்யாவில் இருந்த தன் கிளப்புக்குக் கொண்டுவந்தார். அங்கிருந்து அடுத்த வருடமே அர்ஜென்டினாவுக்குப் போயிற்று. அங்கே அது தீயாகப் பரவியது. பதினாறு வருடம் தொடர்ந்து உலகின் முதலிடத்தில் இருந்த ஃபெர்னாந்தோ பெலாஸ்தேகீன் அந்த நாட்டுக்காரர்தான். அதில் பதின்மூன்று வருடம் ஹுவான் மார்த்தீன் தியாஸ் ஒருவரையே ஜோடியாக வைத்துக்கொண்டு ஆடினார். என் ஜோடி அவர்கள் இருவரையும் பற்றிப் பேசினால், நம் வீட்டில் கல்யாணமாகி ஐம்பது வருடம் ஆனவர்களைப் பற்றிப் பேசுவது போலப் பேசுவார்.

ஸ்பெயினில் முதலில் இது பணக்காரர்களின் ஆட்டம். 1996 முதல் 2004 வரை பிரதமராக இருந்த ஹோஸே மரியா அஸ்னார் ஆடியது அப்போது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. "அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் ஒருத்தி பாலாவைத் தூக்கிக்கொண்டு போனால் சிரித்திருப்பார்கள்" என்று என் ஜோடி சொல்லியிருக்கிறார். அதை மாற்றியது நகராட்சிகள். நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் இரண்டு களம், பள்ளிக்கு எதிரே இரண்டு களம் என்று கட்டிவிட்டார்கள். இன்று எங்கள் நால்வரில் ஒருவர் கல்லாவில் இருந்தவர், ஒருவர் இரவுப் பணி நர்ஸ், ஒருவர் பேருந்து ஓட்டுகிறவர். ஒன்றரை மணி நேரத்துக்குக் களக் கட்டணம் 12 யூரோ, ஆளுக்கு மூன்று. இரண்டு காபி விலை.

இதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. கொஞ்ச தூரத்தில் ஒரு தனியார் கிளப் வந்திருக்கிறது. புதுக் கண்ணாடி, நல்ல விளக்கு, கைபேசிச் செயலியில் ஒவ்வொருவருக்கும் ஒரு தர எண். அந்த எண் சரியாகப் பொருந்தினால்தான் சேர்த்துக்கொள்வார்கள். நன்றாகத்தான் ஆடுகிறார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வழக்கம் இங்கே இருந்திருந்தால், பெஞ்சில் உட்கார்ந்திருந்த என்னை யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். போன முறை ஊருக்கு வந்தபோது சென்னையில் பாடெல் களம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு விசாரித்தேன். அங்கே ஒரு மணி நேரக் கட்டணம், கெடாஃபேயில் நான் ஒரு மாதம் முழுக்க ஆடக் கொடுப்பதைவிடக் கூடுதலாக இருந்தது. மனது கஷ்டமாகிவிட்டது. எங்கள் பள்ளியில் பூப்பந்து ஆட எங்களிடம் யாரும் ஒரு பைசா கேட்டதில்லை. இரண்டு கம்பம், ஒரு வலை, ஒரு டீச்சர், அவ்வளவுதான் இருந்தது. அந்த மாதிரி ஓர் இடத்தில் பாடெல் வந்தால் நம் பெண் பிள்ளைகள் எப்படி ஆடுவார்கள் என்று அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். வலைப்பக்க ஆட்டத்தில் அவர்களை யாரும் நெருங்க முடியாது.

ஏனென்றால் வலைதான் இந்த ஆட்டத்தில் எல்லாம். பின்னால் நிற்பவர்கள் காப்பாற்றிக்கொள்ளலாம். பாயிண்ட் எடுப்பது பெரும்பாலும் முன்னால் நிற்பவர்கள். அவர்களைப் பின்னுக்குத் தள்ள ஒரே வழி, தலைக்கு மேலே உயரமாகத் தூக்கிப் போடுவது. இங்கே அதைப் பலூன் என்பார்கள், க்ளோபோ. முன்னால் நிற்பவர்கள் அதற்குத் தரும் பதிலடி பந்தேஹா. தட்டு என்று அர்த்தம். ஓங்கி அறையாமல், பரிமாறுகிறவர் தட்டைத் தூக்கி வருவதுபோல பாலாவைத் தோள் உயரத்தில் வைத்து, பந்தை அறுத்து, ஆழமாகப் போடுவது. அது கண்ணாடியில் பட்டு எழும்பாமல் தாழ்ந்துவிடும். இதைக் கற்க எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. ஓங்கி அடித்தால் பந்து கண்ணாடியில் மோதி, எதிரிக்கே வசதியாகத் திரும்பி வரும். மத்ரித் வட்டாரம் கடல் மட்டத்திலிருந்து 650 மீட்டர் உயரம் வேறு, பந்து இன்னும் பறக்கும். பலமாக அடிப்பது இங்கே பல சமயம் எதிரிக்குக் கொடுக்கிற பரிசு. இரு பக்கமும் நாற்பதுக்கு நாற்பது என்று சமமாகிவிட்டால் நாங்கள் ஆட்டத்தை நீட்டுவதில்லை. தங்கப் புள்ளி, ஒரே பாயிண்ட், எந்தப் பக்கத்திலிருந்து சர்வீஸை வாங்குவது என்று வாங்குகிறவர்களே முடிவு செய்யலாம். 2020இல் தொழில்முறை ஆட்டங்களில் கொண்டுவந்த விதி, எங்களுக்குப் பிடித்துப்போய் வைத்துக்கொண்டோம்.

போன மே மாதம் அம்மா வந்திருந்தார். சனிக்கிழமை அவரையும் கூட்டிப் போனேன். கண்ணாடிக்கு வெளியே நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். என் பூப்பந்து ஆட்டங்களைப் பள்ளிச் சுவரோரம் நின்று பார்த்தவர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இடைவேளையில் என்னைக் கூப்பிட்டார்.

"ஏன்டி, கீழ விழுந்த பந்தைப் போய் அடிக்கிறியே, ஆட்டத்துல சேத்தியா அது?"

"சேத்திதாம்மா. சுவத்துல பட்டு வந்தாலும் அடிக்கலாம்."

"அப்ப எதுக்கு அப்படி முன்னாடியே பாயறே? விடேன்."

டீச்சருக்கு அடுத்தபடியாக "விடாதே" என்று சொல்லி என்னை வளர்த்தவர் அவர். அடுத்த செட்டில் எனக்குப் பின்னாலிருந்து, கண்ணாடிக்கு அப்பாலிருந்து குரல் வர ஆரம்பித்தது. ஒரு பந்து உயர்ந்து வரும்போதே, "விடுடி, விடு!" என்று. கணிப்பு சரியாக இருந்தது. பத்தில் எட்டுப் பந்து விட வேண்டிய பந்துதான். என் ஜோடி கண்ணாடிப் பக்கம் திரும்பிக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

ஆட்டம் முடிந்ததும் வழக்கம்போல வளாகத்துச் சிற்றுண்டிக் கடையில் உட்கார்ந்தோம். இதை இங்கே மூன்றாம் பாதி என்பார்கள். ஆட்டத்தைவிட இது நீளம். என் ஜோடி அம்மாவின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். அம்மா கைகூப்பியபடியே நின்றார். மேஜையில் வைத்த ஆலிவ் காயை மாவடு என்று நினைத்து ஒன்றை வாயில் போட்டவர், கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னும் இரண்டு எடுத்துக்கொண்டார். நான் மொழிபெயர்க்கப் போனால் இரண்டு பேரும் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. அம்மா தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினார். அவரும் தன்னுடையதைத் தொட்டுக் காட்டினார். ஒரே பக்கம், இடது.

செப்டம்பரில் என் ஜோடிக்கு அந்த முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. ஜனவரி வரை ஆடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் சனிக்கிழமை வந்துவிடுவார். அம்மா உட்கார்ந்த அதே இடத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு, ஊன்றுகோலைக் கண்ணாடியில் சாய்த்து வைத்துவிட்டு, உள்ளே தவறு செய்தால் கத்துவார். அவருக்குப் பதிலாக ஆட வருவது ஒரு கல்லூரி மாணவி. வேகமான பெண், எதற்கும் பாய்கிறாள். வெளியிலிருந்து அவளுக்குக் கேட்பது தேஹலா. எனக்கு மட்டும் "விதுதி, விதுதி!"

அம்மா ஞாயிற்றுக்கிழமை போன் செய்வார். முன்பெல்லாம் சாப்பிட்டியா என்றுதான் ஆரம்பிப்பார். இப்போது, "நேத்து ஆடினியா? அந்த அம்மா கம்பு இல்லாம நடக்கறாங்களா?"

இன்னும் முழுசாக இல்லை. படிக்கு மட்டும் வைத்துக்கொள்கிறார் என்று சொன்னேன்.